பெயிண்டு டப்பாவைத் திறக்கும் முன் ஒரு குடம் நல்ல தண்ணீர்

வாசல் இரும்புக் கேட்டுக்குப் பெயிண்டு அடிக்கப்போகிறோம், எந்தக் கம்பெனி வாங்கலாம் அக்கா என்று வடசென்னையில் எங்கள் காலடிப்பேட்டைப் பக்கம் யாராவது கேட்டால், எந்தத் தண்ணீரில் கழுவப்போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலானவர்கள் முழிப்பார்கள். இரும்பைப் போய்க் கழுவுவதா, தண்ணீர் பட்டால்தானே துருவே பிடிக்கிறது என்பார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி வீடு வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், கிரில்லுக்கும் வண்டிக்கும் தளத்துக்கும் வருடா வருடம் கொட்டுகிற காசு நிறைய மிச்சமாகும்.

அப்பா காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு இரும்பு வேலை செய்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறைக்குப் போய் ராடு எடுத்துக் கொடுப்பது, கசடு தட்டுவது, பிரஷ் போடுவது எல்லாம் எனக்கும் தம்பிக்கும் பழக்கம். இப்போது நான் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். ஆனாலும் வீட்டு இரும்பு வேலைக்கு வெளியாளைக் கூப்பிடுவதில்லை. கீழே சொல்வதில் பாதி அப்பா சொன்னது, மீதி நானே கிரைண்டரைக் கையில் பிடித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் உங்கள் வீட்டையே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். துரு எங்கே அதிகம்? மொட்டைமாடியில் வெயிலும் மழையும் நேராக வாங்குகிற கைப்பிடியில் குறைவாகத்தான் இருக்கும். சன்ஷேடுக்கு அடியில், மழைச்சாரல் எட்டாத ஜன்னல் கிரில்லின் மேல்பகுதியில், பால்கனிக் கம்பியின் அடிப்பக்கத்தில், ஸ்கூட்டர் மட்கார்டின் உள்ளே, அங்கேதான் இரும்பு ஏடு ஏடாக உரியும். நனையாத இடம் ஏன் முதலில் போகிறது? கடல்காற்று கொண்டுவருகிற உப்பு எல்லா இடத்திலும் படிகிறது. மழை படுகிற இடத்தில் மழையே அதைக் கழுவிவிடுகிறது. மழை படாத இடத்தில் உப்பு மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. உப்புக்குக் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. அதனால் நம் கண்ணுக்குக் காய்ந்து தெரிகிற கம்பி, ராத்திரியெல்லாம் உப்புநீரில் ஊறிக்கொண்டிருக்கிறது.

பெயிண்டு இதைத் தடுக்காதா என்றால், உப்பின் மேலேயே அடித்த பெயிண்டு தடுக்காது. எந்தப் பெயிண்டும் முழுக்கக் காற்றுப்புகாத மூடி கிடையாது. அடியில் சிக்கிய உப்பு பெயிண்டு வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை உறிஞ்சி இழுக்கும். முதலில் கடுகளவு கொப்புளம், பிறகு மிளகளவு, அப்புறம் அதை நகத்தால் கிள்ளினால் உள்ளே பழுப்புத் தண்ணீர். போன தீபாவளிக்கு அடித்த பெயிண்டு அடுத்த தீபாவளிக்குள் உரிகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பிரயோஜனம் இல்லை.

சரி, கேட்டுக்கு வருவோம். தொங்குகிற துருவைச் சிப்பிங் சுத்தியலால் தட்டி எடுங்கள். பிறகு கிரைண்டரில் வயர் கப் பிரஷ் போட்டு ஓட்டுங்கள். கிரைண்டரின் தடுப்புத் தகட்டை (கார்டு) கழற்றக் கூடாது. கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. துப்பட்டா, முந்தானை, தொளதொளச் சட்டை எதுவும் கிட்டே வரக் கூடாது. கட்டிங் வீல் வாங்கினால் நடுவிலிருக்கிற உலோக வளையத்தைப் பாருங்கள், அதில் காலாவதித் தேதி அச்சடித்திருக்கும். தேதி தாண்டிய வீல் ஓடும்போது சிதறலாம். கட்டிங் வீலைப் படுக்கவைத்துத் தேய்க்கவும் கூடாது. அது வெட்ட மட்டும்தான்.

பழைய வீட்டுக் கேட்டாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பூச்சில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்புண்டு. அதைக் காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள், கீழே விழுவதைத் தார்ப்பாயில் பிடித்து ஒதுக்குங்கள். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

பிரஷ் போட்டதும் கம்பி பளபளவென்று இருக்கும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் பெயிண்டுக்கு அடியில் பூசுகிற ரெட் ஆக்சைடு பிரைமரைக் கலக்க ஆரம்பிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். துரு தின்ற இடத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். உப்பு அதன் அடியில்தான் உட்கார்ந்திருக்கும். வயர் பிரஷ் அதை வெளியே எடுக்காது, மேலே மெழுகிவிடும். அதனால் நல்ல தண்ணீர் ஊற்றி, நைலான் பிரஷால் குழிகளுக்குள் தேய்த்து, மறுபடி ஊற்றிக் கழுவுங்கள். உடனே துணியால் துடைத்து வெயிலில் விடுங்கள். லேசாக மஞ்சள் பூத்தால் பயப்பட வேண்டாம், உப்புத்தாளால் ஓர் இழுப்பு இழுத்தால் போய்விடும். ஆனால் குழிகளில் மட்டும் கரும்புள்ளியாக ஈரம் கசிந்து நின்றால் உள்ளே இன்னும் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி பிரஷ், மறுபடி தண்ணீர். புள்ளி வராமல் போகிற வரைக்கும் செய்யுங்கள்.

நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்து போர் தண்ணீர் பல தெருக்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் கேட்டைக் கழுவினால் எடுத்த உப்பைத் திரும்ப வைத்த கதைதான். மெட்ரோ வாட்டர் பிடித்து வைத்துக் கழுவுங்கள். காட்டுப்பள்ளியில் 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலையைத் திறந்ததே வடசென்னைக்குத் தண்ணீர் தரத்தான். குடிக்கிற தண்ணீரில் ஒரு குடம் இரும்புக்குச் செலவானால் வீண் இல்லை.

பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றித் துருவை எடுக்கிற வழக்கத்தை இந்தப் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். துரு நுரைத்து உடனே போகிறதே என்று சந்தோஷப்படுவார்கள். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். நாம் விரட்டப் பார்க்கிற குளோரைடே அதற்குள்தான் இருக்கிறது. துருவை எடுத்துவிட்டு அதைவிட மோசமானதை வைத்துவிட்டுப் போகும். அந்த ஆவி பட்டால் பக்கத்தில் மாட்டியிருக்கிற ஸ்பேனர்கூடப் பழுப்பேறும். ஆசிட் வேண்டுமென்றால் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் ரிமூவர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கையுறை போட்டுக்கொண்டு, டப்பாவில் எழுதியபடி செய்யுங்கள்.

நேரமும் முக்கியம். வெயில் காலத்தில் மதியத்தை ஒட்டிக் கடல்காற்று திரும்பும். அதற்கு முன்னால் கழுவி, காய வைத்து, முதல் கோட் பிரைமர் ஏறிவிட வேண்டும். இன்றைக்குச் சுத்தம் செய்து நாளைக்கு அடிக்கலாம் என்று விட்டால், சாயங்காலமே புது உப்பு படிந்துவிடும். அதனால் ஒரே நாளில் முழுக் கேட்டையும் உரித்துப் போடாமல், முடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் உரியுங்கள். மார்கழி, தை மாதப் பனியில் காலையில் கம்பி ஈரமாகவே இருக்கும். மாசி, பங்குனி எனக்குப் பிடித்த மாதங்கள்.

பிரைமர் இரண்டு கோட், அதற்கு மேல் எனாமல் இரண்டு கோட். மூலை, வெல்டிங் தையல், கம்பியின் கூரான விளிம்பு ஆகிய இடங்களில் முதலில் சின்னப் பிரஷால் தனியாக ஒரு கோட் கொடுத்துவிட்டுப் பிறகு மொத்தமாக அடியுங்கள். விளிம்பில் பெயிண்டு மெலிந்து நிற்கும், துரு அங்கிருந்துதான் உள்ளே நுழையும். எபாக்சி பிரைமர் இன்னும் உறுதியானது. ஆனால் எபாக்சி வெயிலில் வெளுத்து மாவாகும், அதன்மேல் பாலியூரிதேன் கோட் வேண்டும். ஜிங்க் அதிகமுள்ள பிரைமர், துரு முழுக்கப் போன வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும். பழைய பெயிண்டு மேல் அதை அடிப்பது பணத்தைக் கரைப்பது. ஜிங்க் பூசிய ஜி.ஐ. பைப்பில் எனாமலை நேராக அடிக்காதீர்கள், தகடு தகடாக உரிந்துவரும். அதற்கென்று தனி பிரைமர் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

புதிதாகக் கேட்டோ கிரில்லோ வெல்டிங் வைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இரண்டு பட்டைகள் சேரும் இடத்தில் ஆங்காங்கே பொட்டு வைத்துவிட்டு இடைவெளியில் பட்டி பூசி மறைப்பது வழக்கமாகிவிட்டது. அந்த இடைவெளிக்குள் எந்தப் பிரஷும் போகாது, தண்ணீரும் உப்பும் போகும். முழுக்க மூடி வையுங்கள். ஒரே இழுப்பில் வைத்தால் சதுரப் பைப் வளைந்துவிடும். நாலு மூலையிலும் டாக் (சின்னப் பொட்டு) அடித்து, மூலைமட்டம் பார்த்து, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டு வாருங்கள். வீட்டு வேலைக்கு 6013 ராடு, 2.5 மில்லி, 60 முதல் 90 ஆம்பியருக்குள் போதும். மெல்லிய பைப்பென்றால் கீழே இருந்து ஏற்றிக்கொண்டே வந்து பாருங்கள். கேட்டின் அடிப் பைப்பில் கீழ்ப்பக்கமாக ஒரு துளை போட்டுவிடுங்கள். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாத பைப் உள்ளிருந்தே அழுகும். வெளியே பெயிண்டு புதுசாக இருக்கும்போதே கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போய்விடும்.

ஜி.ஐ. பைப்பை வெல்டிங் வைக்கும்போது கிளம்புகிற வெள்ளைப் புகை ஜிங்க். அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்க் காய்ச்சல் வரும். தையல் வரும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். முடிந்ததும் அந்த இடத்தில் ஜிங்க் பூச்சு கொடுங்கள். கண்ணுக்கு ஷீல்டு இல்லாமல் பொட்டு வைப்பதுகூட வேண்டாம். பார்க்கிறபோது ஒன்றும் தெரியாது, நடுராத்திரியில் கண்ணில் மண் கொட்டியதுபோல் எரியும். வேடிக்கை பார்க்கிற பக்கத்து வீட்டுப் பையனையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

எவர்சில்வர் போட்டால் துரு பிடிக்காதே என்பவர்களுக்கு: கடைகளில் மலிவாகக் கொடுப்பது பெரும்பாலும் 202 கிரேடு. கடற்கரைக் காற்றில் அது சீக்கிரமே பழுப்புப் புள்ளி போடும். 304 அதைவிட நல்லது, ஆனாலும் டீக்கறை மாதிரி படியும். 316 தாங்கும், விலை அதிகம். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குகிறேன் என்பார்கள். 202-ம் 304-ம் இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லுங்கள். இரும்பு வெட்டிய வீலால் எவர்சில்வரை வெட்டினால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே துருவாகும். எதுவாக இருந்தாலும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்கத்தான் வேண்டும்.

வண்டிக்கும் இதே கதைதான். மேலே ஷாம்பு போட்டு மினுக்குவதைவிட, மட்கார்டின் உட்பக்கம், புட்போர்டுக்கு அடி, சைடு ஸ்டாண்டு மூட்டு, சைலன்சர் மாட்டும் பிராக்கெட் ஆகியவற்றில் பைப் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். காய்ந்ததும் ஸ்டாண்டு மூட்டுக்குக் கிரீஸ், செயினுக்கு ஆயில். பிரேக் டிரம்மிலும் டிஸ்க்கிலும் எண்ணெய் ஒரு துளி படக் கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீரில் இந்தப் பக்கம் எத்தனையோ வண்டிகள் சீட் வரை முங்கிக் கிடந்தன. அப்படி முங்கிய வண்டியைச் சாவி போட்டுப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெதுவாக மிதித்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் பிளக் ஓட்டை வழியாக வெளியேறும். இன்ஜின் ஆயிலைப் பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, முழுக்க வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடியும் மாற்றுங்கள். ஏர் பில்டர் மாற்ற வேண்டும், பெட்ரோல் டேங்கை வடிக்க வேண்டும். டேங்க் ஓட்டையை மட்டும் வீட்டில் வெல்டிங் வைக்க நினைக்காதீர்கள். காலி டேங்கில் நிற்கிற பெட்ரோல் ஆவி வெடிக்கும். சேசிஸ் விரிசலும் வீட்டு வேலை இல்லை, தெரிந்த பட்டறைக்கு எடுத்துப்போங்கள்.

இனி தளம். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். பால்கனிக்கு அடியிலும் சன்ஷேடிலும் கான்கிரீட் வெடித்துக் கம்பி தெரிகிற வீடுகள் நம் தெருக்களில் எவ்வளவு! அங்கே நடப்பதும் உப்பு வேலைதான். கான்கிரீட்டுக்குள் கம்பி பத்திரமாக இருப்பதற்குக் காரணம் சிமெண்டின் காரத்தன்மை. உப்பு உள்ளே போய்ச் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு உடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், அந்த நெருக்கத்தில் கான்கிரீட் பிளக்கிறது.

கொத்தனார் வந்து, விழுந்த இடத்தைச் சிமெண்டு வைத்து அடைத்து வெள்ளையடித்துவிட்டுப் போவார். கொஞ்ச காலத்தில் அந்த ஒட்டுக்கு அக்கம்பக்கத்தில் புதிதாக வெடிக்கும். பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்க, நடுவில் மட்டும் புதுக் கலவை வைத்தால், எல்லையில் இருக்கிற கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அதனால் முறையாகச் செய்யுங்கள். சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், பொத்தென்று சத்தம் வருகிற இடம் முழுவதையும் குறியுங்கள். துருப்பிடித்த கம்பியைச் சுற்றிலும், கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழைகிற அளவுக்குக் கொத்துங்கள். துருவில்லாத கம்பி தெரிகிற வரை நீளவாட்டில் போங்கள். கம்பியைப் பளிச்சென்று தேயுங்கள், நல்ல தண்ணீரில் கழுவுங்கள், காய வையுங்கள். கம்பிக்கு ஜிங்க் பிரைமர் கொடுத்து, பாலிமர் கலந்த கலவையை ஒரேயடியாக அப்பாமல் அடுக்கடுக்காக வைத்து, ஈரம் காயாமல் காப்பாற்றுங்கள். தூணிலோ பீமிலோ விரிசல் என்றால், அல்லது கம்பி பாதியாக மெலிந்திருந்தால், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். முட்டுக் கொடுக்காமல் கொத்தினால் உயிருக்கே ஆபத்து.

புதிதாகக் கட்டுபவர்கள் இந்த நிலைமைக்கே வராமல் பார்த்துக்கொள்ளலாம். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் வருடப் பதிப்பு, கடற்கரைக் காற்றுக்கு நேராகத் திறந்திருக்கிற கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-30 கலவையும், கம்பிக்கு மேல் 45 மில்லி கவரும், அதாவது கம்பியை மூடுகிற கான்கிரீட்டும், கேட்கிறது. உள்ளே மறைவாக இருக்கிற பகுதிக்கு எம்-25, 30 மில்லி. நடைமுறையில் சன்ஷேடில் கம்பி சென்ட்ரிங் பலகை மேலேயே படுத்துக் கிடக்கும். கான்கிரீட் போடுகிற அன்றைக்குக் காலையில் நீங்களே ஏறிப்போய்ப் பாருங்கள். கம்பியைத் தூக்கி நிறுத்துகிற கவர் பிளாக் இல்லாத இடத்தைக் காட்டி, மேஸ்திரி, இங்கே வைத்துவிட்டுப் போடுங்கள் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

கம்பி போட்ட கான்கிரீட்டின் கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பையெல்லாம் சேர்த்து அளக்கிற கையடக்க டி.டி.எஸ். மீட்டர் குளோரைடை மட்டும் தனியாகச் சொல்லாது. ஆனாலும் 1500, 2000 என்று காட்டுகிற போர் தண்ணீரைக் கம்பி போட்ட கான்கிரீட்டில் ஊற்ற நான் விடமாட்டேன். லாரித் தண்ணீர் வாங்குங்கள். கலப்பதற்கு நல்ல தண்ணீர் வாங்கிவிட்டு, பாத்தி கட்டி நனைப்பதற்குப் போர் தண்ணீரை விடுவதும் தப்பு, அதுவும் உள்ளே ஊறும்.

கடைசியாக, மொட்டைமாடியில் அடுத்த மாடிக்கென்று விட்டு வைத்திருக்கிற தூண் கம்பிகள். பிள்ளைகள் பெரிதாகும்போது எழுப்பலாம் என்று வருடக்கணக்கில் நிற்கின்றன, துணிக்கொடி கட்டுவதற்கு உதவுகின்றன. அவை வெளியே தெரிகிற இடத்தில் துருப்பிடிப்பதோடு நிற்பதில்லை. துரு கம்பியோடு இறங்கித் தூணின் தலையைப் பிளக்கும். வரும் ஐப்பசி மழைக்கு முன் மேலே போய் அவற்றை வயர் பிரஷ் போட்டு, கழுவி, காயவைத்து, சிமெண்டுப் பால் இரண்டு முறை பூசி, சுற்றிலும் பலகை அடித்து, சிமெண்டு குறைவான கான்கிரீட்டால் மூடிவிடுங்கள். மாடி எழுப்புகிற அன்றைக்கு அதை உடைத்து எடுப்பது ஓர் ஆளுக்கு அரை நாள் வேலைதான்.